புது டாட்டூ ஆறும் வரை: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நேத்து முன்கையில் டாட்டூ போட்டேன். மேலே ஒட்டின பிலிமுக்குள்ள கறுப்பா தண்ணி தேங்கியிருக்கு. எடுத்துடணுமா?

பதில்: பயப்பட வேண்டாம். கொஞ்சம் ரத்தம், நிணநீர், மிச்ச மை எல்லாம் கலந்த கசிவு அது. முதல் நாளில் வரத்தான் செய்யும். பிலிமின் ஓரம் நாலா பக்கமும் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒட்டியிருந்தால் டாட்டூ போட்ட கலைஞர் சொன்ன நாள் வரை விட்டுவிடலாம். பெரும்பாலும் 3 முதல் 5 நாள். ஓரம் தூக்கிக்கொண்டு கசிவு வெளியே வந்தால், அதே வழியில் கிருமி உள்ளே போகும். அப்போது எடுத்துவிடுங்கள், மேலே இன்னொன்றை ஒட்டி அடைக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, பிலிமைத் தோலுக்கு இணையாகப் பக்கவாட்டில் இழுத்தால் தானாக விட்டு வரும். மேல்நோக்கிப் பிய்த்தால் தோலும் கூடவே வரும்.

ஒட்டும் பிலிமுக்குப் பதிலாகச் சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அனுப்பியிருந்தால் நாள் கணக்கில் வைக்கக் கூடாது. வியர்வை ஆவி வெளியேற அதில் வழியில்லை. சில மணி நேரத்தில் எடுத்துக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவணும்? களிம்பு எவ்வளவு போடணும்? ஆளுக்கொன்று சொல்றாங்க.

பதில்: கழுவுவது 2 அல்லது 3 தடவை. முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பலரும் விடுவது இதைத்தான். பிறகு வாசனை சேர்க்காத மிதமான சோப்பைக் கையில் நுரைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தடவுங்கள். தொட்டால் வழவழவென்று ஒரு படலம் தட்டுப்படும். அது உறையும் நிணநீர். அது போகிற வரை கழுவ வேண்டும், விட்டால் காய்ந்து தடித்த பொருக்காகிவிடும். நாரும் வேண்டாம், துணியும் வேண்டாம். காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். குளியலறைத் துண்டு எப்போதும் ஈரமாகவே கிடப்பது, அதில் கிருமி இருக்கும்.

தோல் முழுக்க உலர 10 நிமிடம் விட்டுப் பிறகு களிம்பு. உள்ளங்கை அளவு டாட்டூவுக்கு ஒரு பட்டாணி அளவு போதும். தடவிய பின் லேசான மினுமினுப்புத் தெரிந்தால் சரி. பளபளவென்று வழுக்கினால் அதிகம், ஒற்றி எடுத்துவிடுங்கள். கெட்டுப்போகும் டாட்டூக்களில் நிறைய கவனக்குறைவால் கெடுவதில்லை, அளவுக்கு மீறிய களிம்பால் கெடுகின்றன. ஈரம் அடைபட்டுத் தோல் ஊறிப்போகும், பொருக்கு கொழகொழத்துத் துணியில் ஒட்டிக்கொண்டு மையோடு பிய்ந்து வரும். தோல் உரியத் தொடங்கியதும் களிம்பை நிறுத்தி, வாசனையில்லாத சாதாரண லோஷனுக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: ஸ்பிரிட் வெச்சுத் துடைச்சா சீக்கிரம் ஆறும்தானே?

பதில்: ஆறாது, தாமதமாகும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் புதிதாக வளரும் செல்களையும் கொல்லும். நியோமைசின் கலந்த ஆன்டிபயாடிக் களிம்பையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சிலருக்கு அதுவே ஒவ்வாமையாகிச் சிவந்து அரிக்கும்.

கேள்வி: அக்கா, ஆறாவது நாள். கலர் கலரா தோல் உரியுது, டாட்டூவே போயிடுமோன்னு பயமா இருக்கு. அரிப்பு வேற தாங்கல.

பதில்: போகாது. மை தங்கியிருப்பது மேல்தோலுக்குக் கீழே, சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில். அங்கே மேக்ரோபேஜ் என்னும் செல்கள் மைத்துகளை விழுங்கிப் பிடித்து வைத்திருக்கின்றன. இப்போது உதிர்வது மை படிந்த செத்த மேல்தோல்தான். உரிந்ததும் சில வாரம் பால் படர்ந்ததுபோல் மங்கலாகத் தெரியும், பிறகு தெளியும். பாதி தொங்கும் தோலைக்கூட இழுக்காதீர்கள். அரித்தால் உள்ளங்கையால் மெல்லத் தட்டுங்கள், அல்லது சுத்தமான குளிர்ந்த துணியை வையுங்கள். ராத்திரி போர்வை ஒட்டிக்கொண்டால் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுங்கள்.

கேள்வி: நீச்சல், ஜிம்?

பதில்: தண்ணீருக்குள் முங்குவது எதுவானாலும், குளமோ கடலோ தொட்டியோ, உரிவதும் பொருக்கும் முழுக்க முடியும் வரை வேண்டாம்; 2 முதல் 4 வாரம் ஆகும். ஷவரில் குளிக்கலாம். உடற்பயிற்சி இரண்டு நாள் கழித்து, டாட்டூ மடங்காத, உரசாத அளவுக்கு. கணுக்காலில் போட்டவர்கள் உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தால் வீக்கம் குறையும்.

கேள்வி: என் பெண் டாட்டூ போட்டு நாலு நாள் ஆகுது. சிவப்பு குறையாம பரவுது, தொட்டா சுடுது. களிம்பை மாத்திப் பாக்கலாமா?

பதில்: வேண்டாம், இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிவப்பும் சூடும் வலியும் இரண்டு மூன்று நாளில் இறங்கத் தொடங்க வேண்டும். ஏறினால் தொற்று என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சீழ், காய்ச்சல், குளிர் நடுக்கம், டாட்டூவிலிருந்து கோடுபோல் ஓடும் சிவப்பு, இதில் ஒன்று வந்தாலும் இரவென்று பார்க்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். சர்க்கரை நோயோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தோ இருந்தால் இன்னும் சீக்கிரம்.

தாமதமாக வருபவையும் உண்டு. நன்றாக ஆறிவிட்ட டாட்டூவில் சில வாரம் கழித்துச் சிறு சிறு முண்டுகள் எழுந்தால், மையைக் குழாய்த் தண்ணீரில் நீர்க்கச் செய்ததால் புகுந்த மைக்கோபாக்டீரியா என்னும் கிருமியாக இருக்கலாம். சாதாரண மாத்திரைக்கு அது அடங்காது. டாட்டூ போட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சிவப்பு மை உள்ள பகுதி மட்டும் தடித்து அரித்தால் பெரும்பாலும் மை ஒவ்வாமை. மாதங்கள் கழித்தும் வரும்.

கேள்வி: ஒரு கோடு விட்டுப்போச்சு. எப்போ சரிசெய்யலாம்? சன்ஸ்கிரீன் எப்போ?

பதில்: ஆறும் வரை சன்ஸ்கிரீன் வேண்டாம், தளர்வான துணியால் மூடிக்கொள்ளுங்கள். உரிவது முழுக்க நின்ற பிறகு எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல். விட்டுப்போன கோட்டைக் குறைந்தது 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் தொட வேண்டும். மினுமினுப்புப் போய், தடவினால் பக்கத்துத் தோலைப்போலவே வழவழப்பாக இருக்க வேண்டும். அதற்குமுன் ஊசி வைத்தால் தழும்பு விழும்.