பெரிய வட்டம், சின்ன வட்டம்

அன்புள்ள ஐயா,

என் மகள் பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வரலாற்றில் நாஜி ஜெர்மனி. கட்சியின் சுவரொட்டி ஒன்றைக் கொடுத்து, 'இந்தச் சான்று வரலாற்றாசிரியருக்கு எவ்வளவு பயன்படும்?' என்று தேர்வில் கேட்கிறார்கள். பொய்யையே தொழிலாகக் கொண்ட அரசின் காகிதத்தில் என்ன சான்று இருக்கும்? நடந்ததை நேராகச் சொல்லிக்கொடுத்தால் போதாதா? எதையுமே நம்பக் கூடாது என்றல்லவா பிள்ளைகள் நினைப்பார்கள்?

ம., கோவை

அன்புள்ள ம.,

உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. 'இது பிரச்சாரம், ஆகவே ஒருதலைப்பட்சம், ஆகவே பயனில்லை' என்று மூன்று வரி எழுதி மதிப்பெண் வாங்கும் பழக்கம் இருக்கத்தான் செய்கிறது. அதை வாசிப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் பொய்யும் சான்றுதான். 1938 ஏப்ரல் 10 வாக்கெடுப்பின் சீட்டை மகளிடம் காட்டுங்கள். இணையத்தில் படம் கிடைக்கும். நடுவில் 'ஆம்' என்பதற்குப் பெரிய வட்டம். ஓரத்தில் 'இல்லை' என்பதற்குச் சின்ன வட்டம். ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைத்ததை ஏற்கிறாயா, ஹிட்லரின் வேட்பாளர் பட்டியலை ஏற்கிறாயா என்ற இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில். யூதர்களுக்கு வாக்கு கிடையாது. ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் வந்தது மார்ச் 12. வியன்னாவில் பிடிபட்ட அரசியல் கைதிகளின் முதல் தொகுதியை டாஹாவ் வதைமுகாமுக்கு ஏற்றியது ஏப்ரல் 1. ஆஸ்திரியாவில் 'ஆம்' 99.7 சதவீதம். இதிலிருந்து ஆதரவின் அளவு தெரியாது. அரசுக்கு எப்படிப்பட்ட எண் தேவைப்பட்டது என்பது தெரியும். அதற்காக ஆதரவே இல்லை என்றும் எழுதிவிடக் கூடாது. வியன்னாவில் ஹிட்லரை வரவேற்றுத் திரண்ட கூட்டமும் நிஜம்தான்.

1933 நவம்பர் 12 தேர்தல் இன்னும் சுவாரசியம். ஒரே பட்டியல், ஒரே வட்டம். 'இல்லை' சொல்ல இடமே கிடையாது. அப்படியும் 30 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் செல்லாதவை. இது அரசே வெளியிட்ட கணக்கு! அதே நாளில் டாஹாவ் கைதிகள் 2,242 பேரில் 2,154 பேர் அரசை ஆதரித்ததாகவும் அறிவித்தார்கள். முள்வேலிக்குள் இருப்பவனும் ஆதரிக்கிறான் என்றால் முகாமுக்கு வெளியே கிடைத்த சதவீதத்தை எப்படி வாசிப்பது? இதைப் பதினைந்து வயதுப் பிள்ளை தானே கேட்டுவிடும்.

நேராகச் சொல்லிக்கொடுக்கலாமே என்கிறீர்கள். அந்த 'நடந்தது' நமக்குத் தெரிவதே இப்படிப்பட்ட காகிதங்களால்தான். நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாப்போவின் கோப்புகளில் பெரும்பகுதி போர் முடிவில் அழிந்தது. டுஸ்ஸல்டார்ஃப், வூர்ட்ஸ்புர்க் போன்ற சில ஊர்களில் எஞ்சியவற்றைப் படித்த பிறகுதான், பல வழக்குகள் அக்கம்பக்கத்தார் போட்டுக்கொடுத்ததில் தொடங்கியவை என்பது துலங்கியது. அந்தக் கோப்புகளிலும் ஒரு ஓட்டை உண்டு. பயந்து வாயை மூடிக்கொண்டவனுக்குக் கோப்பே இருக்காது.

ஹிட்லர் அரசு தடைசெய்ததால் நாட்டைவிட்டு வெளியேறிய சமூக ஜனநாயகக் கட்சியினர் 1934 முதல் ஜெர்மனிக்குள்ளிருந்து ரகசியமாகத் தகவல் திரட்டிச் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகாவில் அறிக்கைகளாகத் தொகுத்தார்கள். மக்களிடம் அதிருப்தியைத் தேடியவர்கள் அவர்கள். அப்படியிருந்தும் தொழிலாளர்களிடையே ஹிட்லருக்கு இருந்த செல்வாக்கை எழுதிவைத்திருக்கிறார்கள். அடுத்த முறை சுவரொட்டியோடு அந்த அறிக்கையில் ஒரு பக்கத்தையும் தரும்படி ஆசிரியரிடம் மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.