காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட்

கேள்வி: இ.இ.இ. கடைசி வருடம் படிக்கிறேன். அமெரிக்காவில் எம்.எஸ்.ஸுக்கு விண்ணப்பிப்பதா, நேரடியாக பிஎச்.டி.க்கா? எம்.எஸ். என்றால் அப்பா வீட்டை அடமானம் வைக்க வேண்டும். பிஎச்.டி.க்கு ஃபீஸ் இல்லை, மாதாமாதம் உதவித்தொகையும் வரும். பிடிக்காவிட்டால் ரெண்டு வருடத்தில் எம்.எஸ். பட்டத்தோடு வந்துவிடலாம் என்கிறான் நண்பன். ப்ராஜெக்டை எல்லோரையும் போல வெளியில் வாங்கிவிட்டோம், அதனால் விண்ணப்ப வேலைக்கு நேரம் இருக்கிறது.
– வாசகர், விருதுநகர்

பதில்: தம்பி, உன் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நாலு வருடப் படிப்பில் நீயாக ஒரு சிக்கலை எடுத்து, சர்க்யூட் புகைந்து, ஏன் புகைந்தது என்று ராத்திரியெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளக் கிடைத்த ஒரே இடம் அந்த ப்ராஜெக்ட். அதைக் காசு கொடுத்துத் தள்ளிவிட்டு, அதையே ஐந்தாறு வருடம் செய்யும் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாயா? எஸ்.ஓ.பி.யில், அதாவது ஏன் படிக்க வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரையில், என்ன எழுதுவாய், ப்ராஜெக்ட் சென்டர்காரர் செய்ததையா? வீடியோ காலில் பேராசிரியர் ரெண்டு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்.

நண்பன் சொன்ன வழி ஏமாற்று. உன் ஃபீஸும் சம்பளமும் பல நேரம் பேராசிரியர் அலைந்து வாங்கிய ஆராய்ச்சி நிதியிலிருந்து வருகிறது. சேர்ந்த பிறகு ஒத்துவராமல் விலகுவது வேறு, ஓடுவதென்று முடிவு செய்துகொண்டே கை நீட்டுவது வேறு.

அப்புறம் அந்த வீடு. பெற்றவர்கள் குடியிருக்கும் வீட்டைப் பிள்ளையின் படிப்புக்காக வங்கியில் வைப்பது எனக்கு ஒப்பவே ஒப்பாது. எம்.எஸ். முடித்தால் இப்போதைய விதிப்படி ஓ.பி.டி. என்று அங்கேயே வேலை பார்க்க அனுமதி ஒரு வருடம், அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கான ஸ்டெம் நீட்டிப்பு ரெண்டு வருடம், அதற்குமேல் எச்-1பி என்ற வேலை விசா கிடைத்தால்தான் உண்டு. அதற்குள் வேலை தேடி, கடனையும் அடைக்க வேண்டும், முடியாவிட்டால் தெருவுக்கு வருவது நீ இல்லை, அவர்கள்.

இந்த டிசம்பரில் ரெண்டுக்குமே போடாதே. பிப்ரவரியில் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுது. நல்ல மதிப்பெண் வந்தால் ஐ.ஐ.டி.யிலோ என்.ஐ.டி.யிலோ எம்.டெக். சேரலாம், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, வீட்டைத் தொட வேண்டியதில்லை. அங்கே தீசிஸை உன் கையால் முடித்துப் பார், அந்த வேலை பிடித்திருந்தால் பிஎச்.டி.க்குத் தாராளமாகப் போடு. அதற்கு முன்னால், கல்லூரியில் ரிவ்யூ இன்னும் பாக்கி இருந்தால், வாங்கியதை ஓரமாக வைத்துவிட்டுச் சின்னதாகவாவது ஒன்றை நீங்களே செய்யுங்கள். கைடிடம் போய்க் கேளுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ப்ராஜெக்டுக்குக் கொடுத்த காசும் அப்பாவுடையதுதானே? எதற்குக் கொடுத்தோம் என்று அவருக்குத் தெரியுமா? பத்திரத்தை எடுக்க அவர் பீரோவைத் திறப்பதற்கு முன்னால் எதிரில் உட்கார்ந்து சொல்லிவிடு.