டிடி பைக் ஃபிரேம் சைஸ்: கேட்டதும் சொன்னதும்

கே: சார், என் உயரம் 172. டைம் ட்ரயல் (டிடி, தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டும் போட்டி) பைக்கில் எந்த சைஸ் எடுக்கலாம்?

சார் இல்லை, அக்கா. உயரத்தை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். 172-லேயே ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடம்பு நீளம். 52, 54, மீடியம் என்ற எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பார்க்க வேண்டியவை ஸ்டாக், ரீச் இரண்டும்தான். பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் கிராங்க் சுழலும் இடம்) நடுவிலிருந்து ஹெட் டியூபின் (ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள முன்குழாய்) மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் என்பது ரீச். அளக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கே: பழைய பைக் பார்க்கிறேன். விற்பவருக்கு ஸ்டாக், ரீச் எதுவும் தெரியவில்லை.

டேப்பும் கொத்தனாரின் தூக்குக்குண்டும் போதும். சமதரையில் பின்சக்கரம் சுவரைத் தொட பைக்கை நேராக நிறுத்துங்கள். தரையிலிருந்து ஹெட் டியூபின் உச்சி வரை அளந்து, பாட்டம் பிராக்கெட் நடுவின் உயரத்தைக் கழித்தால் ஸ்டாக். இரண்டு இடத்திலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, சுவரிலிருந்து உள்ள தூரங்களைக் கழித்தால் ரீச்.

கே: ரோடு பைக் 54 ஓட்டுகிறேன். டிடியும் 54 தானே அக்கா?

இல்லை. ரோடு பைக்கில் கை ஹூடில் (பிரேக் லீவரின் மேல்பிடி) இருக்கும், சீட் டியூபின் (சேடிலைத் தாங்கும் குழாய்) கோணம் 73 டிகிரி வாக்கில். டிடியில் முழங்கை பேடில் (ஹேண்டில்பாரின் மேலுள்ள மெத்தை) படுத்திருக்கும், சீட் 76 முதல் 80 டிகிரி வரை முன்னால் வரும். இடுப்பே நகர்ந்துவிட்டதே! அதனால் முழங்கை எங்கே வரவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், ஃபிரேம் அப்புறம்.

ஒரு கணக்கு. உங்களுக்கு வசதியான பேடு உயரம் பாட்டம் பிராக்கெட்டிலிருந்து 610 மி.மீ. என்று வையுங்கள். வாங்கப்போகும் ஹேண்டில்பாரில் ஸ்பேசரே (உயர்த்தப் போடும் துண்டு) போடாமல் பேடு 85 மி.மீ. மேலே நிற்கிறது. ஃபிரேம் ஸ்டாக் 540 என்றால் 625-க்குக் கீழே இறங்கவே முடியாது. 510 என்றால் 595, 15 மி.மீ. ஸ்பேசர் போட்டால் முடிந்தது. ஏற்றுவது சுலபம், ஹெட் டியூபை அறுக்க முடியாது.

கே: அப்போ இருப்பதிலேயே சின்னதை வாங்கிவிடலாமே? புரோக்கள் அப்படித்தானே?

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஸ்டாக் குறையும்போது ரீச்சும் சுருங்கும். ஈடுகட்ட நீள ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபிரேமோடு இணைக்கும் துண்டு) போட்டால் உடம்பு முன்சக்கரத்தின் மேல் சாய்ந்து, பக்கக்காற்றில் பைக் துள்ளும். திரும்பும்போது கால் விரல் டயரில் உரசலாம். புரோக்களின் பழைய படத்தைக் காட்டாதீர்கள். யுசிஐ (உலக சைக்கிள் சம்மேளனம்) விதிப்படி சேடில் மூக்கு பாட்டம் பிராக்கெட்டுக்கு 5 செ.மீ. பின்னால் இருக்கவேண்டியிருந்தது, 2023 முதல் டைம் ட்ரயலுக்கு அது தளர்ந்தது. சேடில் முன்னே போனால் முழங்கையும் முன்னே போகும், நீள ரீச் தேவைப்படும்.

கே: 1989 டூர் டி பிரான்ஸில் லெமாண்ட் சைக்கிளால்தானே ஜெயித்தார்?

சைஸால் இல்லை. கடைசி நாள் டைம் ட்ரயல், வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கி.மீ., 50 விநாடி பின்தங்கிப் புறப்பட்டவர் ஏரோ பாரில் (முன்னால் நீளும் முழங்கைப் பிடி) முழங்கையை ஊன்றி, டூரையே 8 விநாடியில் வென்றார். முன்னணியில் இருந்த ஃபினோனிடம் அந்தப் பார் இல்லை. நான் சொல்வதும் அதுதான், முழங்கை!

கே: நான் டிரையத்லான்காரன். புரோக்கள் குனிகிற அளவுக்கு நானும் குனியவேண்டுமா?

வேண்டாம். முழு அயர்ன்மேன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் சேர்ந்த நீளமான டிரையத்லான்) என்றால் 180 கி.மீ. ஓட்டிவிட்டு 42.2 கி.மீ. ஓடவேண்டும். ரொம்பக் குனிந்தால் உடம்பு தாங்காது, ஸ்டாக் கூடுதலாக இருக்கட்டும்.

கே: 172.5 மி.மீ. கிராங்க்கை (பெடல் மாட்டும் கை) 165 ஆக்கினால் சைஸ் மாறுமா?

நல்ல கேள்வி. சேடில் 7.5 மி.மீ. ஏறும், தொடை வயிற்றில் இடிப்பது குறையும். பேடையும் கூடவே ஏற்றலாம். ஆக, மேலே போட்ட 610 கணக்கை, கிராங்க்கை முடிவு செய்த பிறகு போடுங்கள்.

கே: கார்பனா அலுமினியமா?

இன்று சைஸ் மட்டும்.

கே: பையனுக்கு 14 வயது. வளர்வான், பெரிதாக வாங்கலாமா?

அது பள்ளிக்கூடச் சட்டை இல்லை. இப்போதுள்ள ரோடு பைக்கில் கிளிப்-ஆன் (தனியாக மாட்டும் ஏரோ பார்) மாட்டிக்கொடுங்கள்.

கே: அக்கா, 168 செ.மீ., எந்த சைஸ்?

முதல் பதில்.

கே: 181 செ.மீ...

முதல் பதில்! அளக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கே: அளந்துவிட்டேன். ஸ்டாக் 505, ரீச் 410. என் பேடு உயரம் 600. விற்பவர் அவசரப்படுத்துகிறார்.

இப்படிக் கேட்டால் எவ்வளவு நேரமும் உட்காருவேன். அவர் அவசரப்படட்டும். அந்த ஹேண்டில்பாரில் ஸ்பேசர் இல்லாமல் பேடு எவ்வளவு மேலே நிற்கிறது? 95-க்கு உள்ளே இருந்தால் உயரம் சரி. பேடு எவ்வளவு முன்னால் வரவேண்டும் என்பதையும் அளந்து அனுப்புங்கள்.