கேளுங்கள், சொல்கிறோம்: பிளஸ் டூ இயற்பியல்

இந்த ஆண்டுதான் முதன்முறையாகப் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பிராக்டிகல் போக 120 பாடவேளை கிடைக்கும். பதினொரு பாடங்களுக்கும் சமமாகப் பிரித்துக்கொள்ளலாமா?
*ஓர் ஆசிரியை, மன்னார்குடி*

வேண்டாம். சமமாகப் பிரித்தால் பாடத்துக்குப் பத்துப் பதினொரு வேளைதான் வரும். நிலை மின்னியல் அதற்குள் அடங்காது. முதல் நான்கு பாடங்களுக்கு (நிலை மின்னியல், மின்னோட்டவியல், காந்தவியல், மின்காந்தத் தூண்டல்) 60 வேளை ஒதுக்குங்கள். ஒளியியல் இரண்டுக்கும் 22, மீதி ஐந்துக்கும் சேர்த்து 26. இன்னும் 12 இருக்கிறதல்லவா? அதில் எட்டை மழை விடுமுறைக்கென்று தொடாமல் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் எத்தனை நாள் பள்ளி நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கனமான அந்த நான்கையும் காலாண்டுத் தேர்வை ஒட்டி முடித்துவிடுவது நல்லது.

மிச்சமுள்ள நான்கு வேளை கணக்குக்கு, அதுவும் ஜூன் முதல் வாரத்திலேயே. மின்னழுத்தம் நடத்தும்போதே தொலைவின் வர்க்கம் கீழே இருக்கும் கோவையைத் தொகையிட வேண்டியிருக்கிறது. கணக்குப் பாடத்திலோ தொகையிடலின் பயன்பாடுகள் இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். பழி இயற்பியல் மேல் விழுகிறது. சைன், கொசைன் தொகையிடல், வெக்டர் பெருக்கல் இரண்டு வகையும் கைக்கு வந்துவிட்டால் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலத்தைக் கணக்கிடும் பயட்-சாவர்ட் விதி வரை தாங்கும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால், மாணவர் புத்தகம் பார்க்காமல் செய்ய வேண்டிய இரண்டு மூன்று வேலைகளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். "காஸ் விதி தெரிய வேண்டும்" என்று எழுதினால் அது திட்டமாகாது. நீண்ட மின்னூட்டக் கம்பிக்கு உருளைப் பரப்பை வரைந்து, அதன் இரண்டு வட்ட முகங்களிலும் மின்பாயம் (பரப்பின் வழியே செல்லும் மின்புலத்தின் அளவு) ஏன் சுழி என்று வாயால் சொல்ல வேண்டும். அப்படி எழுதுங்கள். வருவித்தலை மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளையும் அந்தக் கேள்வியில் நின்றுவிடும்.

சீப்பு, காகிதத்துண்டு, கண்ணாடித் தண்டு சோதனைகளை ஆனி, ஆடிக் காற்றிலேயே காட்டிவிடுங்கள். அடைமழைக் காலத்தில் தண்டின் மேல் ஈரப் படலம் படிந்து மின்னூட்டம் கசிந்துவிடும்.

'அண்மைக்கால வளர்ச்சிகள்' பாடத்தை விட்டுவிடலாமா?
*ஒரு பெற்றோர், திருவாரூர்*

விட வேண்டாம். ஒன்றிரண்டு வேளை போதும்.

டேஞ்சன்ட் கால்வனோமீட்டரில் எனக்கு ஒரு விடை, பக்கத்து மேஜைக்காரனுக்கு வேறு விடை. ஏன்?
*பிளஸ் டூ மாணவர், கும்பகோணம்*

தம்பி, இந்தக் கருவியில் கம்பிச்சுருளின் மின்னோட்டம் காந்த முள்ளைத் திருப்பும்; திரும்பிய கோணத்திலிருந்துதான் மின்னோட்டத்தைக் கணக்கிடுகிறோம். அதனால் முதலில் மேஜையைப் பாருங்கள். கடப்பைக் கல்லுக்கு அடியில் இரும்பு ஆங்கிள் இருந்தால் முள் அதன் பேச்சைத்தான் கேட்கும். பையில் இருக்கும் செல்போனும் அப்படியே. மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட் தானே ஒரு வரிச்சுருள்; அதுவும் காந்தப்புலம் உண்டாக்கும். அதையும் அம்மீட்டரையும் ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். போகும் ஒயரையும் வரும் ஒயரையும் முறுக்கி ஒன்றாக்குங்கள்.

நம் பக்கம் புவிக் காந்தப்புலத்தின் கிடைக்கூறு ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. 5 சுற்று, 8 சென்டிமீட்டர் ஆரம் என்றால் சுமார் 1 ஆம்பியரில் முள் 45 பாகை காட்ட வேண்டும். 30 முதல் 60 பாகைக்குள்ளேயே அளவெடுங்கள். 45-இல் 1 பாகை தவறாகப் படித்தால் மின்னோட்டத்தில் பிழை 3.5 சதவீதம்; 75-இல் அதே தவறு 7 சதவீதமாகிவிடும். முள்ளின் இரு முனைகளையும் படித்து, மின்னோட்டத்தின் திசையை மாற்றும் கம்யூட்டேட்டரைத் திருப்பி மறுபடி படியுங்கள். நான்கின் சராசரிதான் கணக்குக்கு.