98 பெரிதா, 37 பெரிதா? ட்ராஃப்டில் வந்த பையனை எடைபோடும் வழி

வாசகர் கேள்வி (ஸ்காபரோ): "எங்கட வாட்ஸ்அப் குழுவில ஒரு மாதமா இதே சண்டைதான். என்.எச்.எல் (வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்) அணிகள் இளம் ஆட்டக்காரரை வரிசையா எடுக்கிற 2025 ட்ராஃப்டில ஃபிலடெல்ஃபியா எடுத்த போர்ட்டர் மார்ட்டோன் 57 மட்ச்சில 98 புள்ளி (கோலும், கோலுக்குக் குடுத்த பாஸும் சேர்த்து). அடுத்த இடத்தில பொஸ்ரன் எடுத்த ஜேம்ஸ் ஹேகன்ஸ் 37 மட்ச்சில 37. 'இதில என்ன கதைக்கக் கிடக்கு?' எண்டு ஒருத்தர் கேக்கிறார். மற்றவர், 'ஹேகன்ஸ் முதலாம் இடத்துக்குப் பேசப்பட்டவன், பொஸ்ரனுக்கு அடிச்சது லொத்தர்' எண்டு நிக்கிறார். எனக்கு ஆரை நம்புறது எண்டு தெரியேல்ல. நானே பார்த்து ஒரு முடிவுக்கு வர என்ன வழி?"

பதில்:

உங்கள் நண்பர்கள் இருவரும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். ஒருவர் மொத்தப் புள்ளியைப் பார்க்கிறார், மற்றவர் பழைய தரவரிசையைப் பார்க்கிறார். அந்தப் புள்ளி எந்த வயதில், எந்த லீக்கில், எப்படி வந்தது என்று இருவருமே கேட்கவில்லை. நீங்கள் அந்த வரிசையிலேயே கேட்டுக்கொண்டு போங்கள்.

முதலில் பிறந்த திகதி. ஒரு கோடை ட்ராஃப்டுக்குத் தகுதி பெற அந்த ஆண்டு செப்டெம்பர் 15க்குள் 18 வயது நிரம்பவேண்டும். இந்த ஒரு கோட்டால் ஒரே ட்ராஃப்டில் நிற்கும் இரு பையன்களுக்கு இடையே முழுதாக ஒரு வயது வித்தியாசம் வரலாம். என்.எச்.எல் நட்சத்திரம் ஓஸ்டன் மத்தியூஸ் பிறந்தது 1997 செப்டெம்பர் 17. இரண்டு நாள் தவறியதால் 2015 போய் 2016இல்தான் அவரால் ட்ராஃப்டுக்கு வர முடிந்தது. 2025இல் முதலாவதாகப் போன மத்தியூ ஷேஃபர் பிறந்தது 2007 செப்டெம்பர் 5. பதினொரு நாள் பிந்திப் பிறந்திருந்தால் அவர் 2026 ட்ராஃப்ட் ஆள். பதினேழு வயதில் ஓராண்டு என்பது தோளிலும் தொடையிலும் தெரியும். ஆகவே ஒரே புள்ளியை எடுத்த இருவரில் பிந்திப் பிறந்தவருக்கே கூடுதல் மதிப்பு.

உங்கள் வழக்கில் இந்தக் கேள்வி கெதியாக முடிந்துவிடுகிறது. மார்ட்டோன் 2006 ஒக்டோபர் 26, ஹேகன்ஸ் 2006 நவம்பர் 3. எட்டு நாள்தான் இடைவெளி. இருவருமே அந்த ட்ராஃப்டில் வயது கூடியவர்கள். சலுகை கொடுப்பதானால் இருவருக்கும் கிடையாது.

அடுத்தது லீக். சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது. மார்ட்டோன் பிரம்ப்டன் ஸ்ரீல்ஹெட்ஸ் அணித் தலைவராக ஓ.எச்.எல்லில் (ஒன்ராறியோ ஜூனியர் லீக்) ஆடியவர். அங்கே ஆடுவோர் 16 முதல் 20 வயது வரை. 20 வயதுக்காரரை ஓர் அணி மூன்று பேர்தான் வைத்திருக்கலாம். ஹேகன்ஸ் ஆடியது பொஸ்ரன் கொலிஜுக்கு, அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியில். எதிரே நிற்கும் டிஃபன்ஸ்மேனுக்கு 22, 23 வயது இருப்பது அங்கே சாதாரணம். முகத்தில் தாடியும் இருக்கும். இன்னொன்று, ஓ.எச்.எல்லில் மார்ட்டோனுக்கு அது மூன்றாவது பருவம், கல்லூரியில் ஹேகன்ஸுக்கு முதலாவது.

இதை எண்ணாக்க ஒரு முறை உண்டு. ஒரு லீக்கில் எடுத்த புள்ளி என்.எச்.எல்லில் எவ்வளவுக்குச் சமம் என்று, லீக் மாறியவர்களின் பழைய பதிவுகளிலிருந்து ஒரு பெருக்கெண் எடுப்பார்கள். கணக்கிடுபவரைப் பொறுத்து அது சற்றுக் கூடும் குறையும். ஓ.எச்.எல்லுக்கு 0.3, கல்லூரிக்கு 0.4 என்று வைத்துக்கொண்டால் வீட்டுக் கணக்குக்குப் போதும். கியூபெக் ஜூனியர் லீக்குக்கு 0.3ஐ விடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

மார்ட்டோன்: 98ஐ 57ஆல் வகுத்தால் 1.72. 0.3ஆல் பெருக்கினால் 0.516. 82 ஆட்டத்துக்கு ஏறக்குறைய 42 புள்ளி.

ஹேகன்ஸ்: ஆட்டத்துக்கு 1. 0.4ஆல் பெருக்கி 82 ஆட்டத்துக்குப் பார்த்தால் ஏறக்குறைய 33.

61 புள்ளியாகத் தெரிந்த வித்தியாசம் 9க்கு வந்துவிட்டது. மார்ட்டோன் இன்னும் முன்னால்தான் நிற்கிறார், ஆனால் குழுவில் மேசையைத் தட்டிப் பேசும் அளவுக்கு இல்லை. கவனம்: இது அடுத்த வருடம் அவர்கள் எடுக்கப்போகும் புள்ளி அல்ல. இரண்டு லீக்குகளை ஒரே தராசில் வைக்க மட்டுமே இந்த எண் உதவும்.

பிறகு, புள்ளி எப்படி வந்தது? ஹொக்கியில் ஒரு கோலுக்கு இரண்டு அசிஸ்ட் வரை கொடுப்பார்கள். ஆட்டத் தாளில் கோல் அடித்தவர், கடைசிப் பாஸ் கொடுத்தவர், அதற்கு முந்திய பாஸ் கொடுத்தவர் என்று அந்த ஒழுங்கிலேயே பெயர் வரும். மூன்றாவது பெயர் சில வேளை தற்செயலாக பக்கை (ஆடும் ரப்பர் தட்டை) தொட்ட ஆளாக இருக்கும். அதனால் முதல் இரண்டு பெயர்களில் அவர் எத்தனை தடவை வருகிறார் என்று பத்து ஆட்டத் தாள்களை எடுத்து எண்ணுங்கள். பவர் ப்ளேயில் (தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) வந்ததைத் தனியாகப் போடுங்கள். மொத்தத்தில் ஐந்தில் இரண்டுக்கு மேல் பவர் ப்ளே என்றால் நான் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பேன். ஜூனியரில் பவர் ப்ளே நாயகனாக இருப்பவருக்கு என்.எச்.எல் அணியில் முதல் பவர் ப்ளே இடம் வருடக்கணக்கில் கிடைக்காது. அதுவரை ஐந்துக்கு ஐந்து ஆடி வயிற்றைக் கழுவத் தெரியவேண்டும்.

கோல் எண்ணிக்கையைவிட ஷாட் எண்ணிக்கை நம்பகமானது. 2012இல் எட்மன்ரன் முதலாவதாக எடுத்த நெய்ல் யாக்குபோவ், 48 ஆட்டங்களாகச் சுருங்கிய முதல் பருவத்தில் 17 கோல் அடித்தார். அடித்த ஷாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வலைக்குள் போனது. என்.எச்.எல் முன்வரிசையில் பத்தில் ஒன்று போவதே வழமை. அடுத்த பருவம் 63 ஆட்டத்தில் 11 கோல்தான். மொத்தம் 350 ஆட்டம், 136 புள்ளியோடு அவருடைய என்.எச்.எல் கணக்கு முடிந்தது. அந்த 17 கோலைப் பார்த்துக் கொண்டாடியவர்கள் ஷாட்டை எண்ணவில்லை.

கூட ஆடியவர் யார் என்பதும் இதற்குள் வரும். ஹேகன்ஸின் இரு பக்கமும் நின்றவர்கள் ரயன் லெனர்டும் கேப் பெரோவும். இருவரும் 2023 முதற்சுற்று ஆட்கள். 'அவர்களால்தான் புள்ளி' என்று ஒரு பக்கமும், 'அவர்களோடு பக்கைப் பங்கு போட்டதால்தான் 37இல் நின்றது' என்று மறுபக்கமும் வாதாடலாம். இரண்டையும் தாளில் தீர்க்க முடியாது. கண்ணால் பார்க்கவேண்டும்.

பார்ப்பதற்கு ஸ்காபரோ நல்ல இடம். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் ஓஷவா ஜெனரல்ஸ், மேற்கே ஸ்ரீல்ஹெட்ஸ். இரண்டும் ஓ.எச்.எல். எந்த இரவிலும் களத்தில் ட்ராஃப்டான பையன் ஒருவராவது இருக்க வாய்ப்பு உண்டு. கண்ணாடி ஓரம் இருக்கை வாங்காதீர்கள். அங்கே சத்தம் கேட்கும், ஆட்டம் தெரியாது. மேல் வரிசையில், ஒரு கோலுக்குப் பின்புற மூலையில் இருங்கள். பக்கை மறந்துவிட்டு அந்த ஒருவரையே பாருங்கள். ஒரு ஷிஃப்ட் 40, 50 விநாடிதான். அவர் பெஞ்சுக்குப் போனதும் குறிப்பெழுதக் கையில் நேரம் இருக்கும்.

முதலில் கழுத்து. மூலையில் கிடக்கும் பக்கை எடுக்கப் போகும்போது, அதைத் தொடுமுன் தோளுக்கு மேலால் ஒரு தரமாவது திரும்பிப் பார்க்கிறாரா? இரண்டு தரம் பார்த்தால் இன்னும் நல்லது. பார்த்துவிட்டுப் போகிறவருக்கு பக் கையில் வரும்போதே அடுத்த பாஸ் எங்கே என்று தெரியும். பார்க்காதவர் பக்கை எடுத்து, நின்று, பிறகு தலையைத் தூக்குவார். ஜூனியரில் அந்த ஒரு விநாடி கிடைக்கும். மேலே கிடைக்காது, முதுகில்தான் வாங்கவேண்டும்.

இரண்டாவது, முதல் மூன்று எட்டு. முழு வேகத்தில் எல்லாரும் அழகாகத்தான் ஓடுவார்கள். நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது முழங்கால் மடிந்து, எட்டு குறுகி, பனியைப் பின்னுக்குத் தள்ளுகிறாரா, அல்லது நிமிர்ந்து நின்று சறுக்குகிறாரா? மடிப்பு இல்லாததைப் பயிற்சியால் ஓரளவு திருத்தலாம். இரண்டு கோடையாவது எடுக்கும். பெரிய உடம்புக்காரரில் மிகக் கூடுதலாகக் காணும் குறை இதுதான். மார்ட்டோன் ஆறு அடி மூன்று அங்குலம், 200 இறாத்தலுக்கு மேல். ட்ராஃப்டுக்கு முன் அவரைப் பற்றி எழுப்பப்பட்ட கேள்வியும் வேகத்தைப் பற்றியதே.

மூன்றாவது, நீலக்கோடு. எதிரணி எல்லைக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள்: பக்கைக் கொண்டுபோனாரா, பாஸ் கொடுத்தாரா, ஆழத்தில் எறிந்துவிட்டுத் துரத்தினாரா? உள்ளே போனபின் களத்தின் நடுவுக்கு வெட்டுகிறாரா, சுவரோரமாகவே சுற்றுகிறாரா? சுவரோரம் சுற்றிச் சுற்றி எடுக்கும் ஜூனியர் புள்ளி, நேரமும் இடமும் தாராளமாகக் கிடைப்பதால் வருகிறது. என்.எச்.எல்லில் அது வராது. ஹேகன்ஸைப் பார்க்கும்போது இந்தக் கேள்வியையே பெரிதாக வையுங்கள். ஐந்து அடி பத்து அங்குல சென்டர் (முன்வரிசையின் நடுவில் ஆடுபவர்), 37 புள்ளியில் 11தான் கோல். ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வலைக்கு முன்னால் எத்தனை தரம் போய் நிற்கிறார் என்பதே பார்க்கவேண்டியது.

மூன்றாவது, அதாவது கடைசி, பீரியட்டில் அணி ஒரு கோல் முன்னால் நிற்கும்போது பயிற்சியாளர் அவரை அனுப்புகிறாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளரின் உண்மையான அபிப்பிராயம் பேட்டியில் வராது, இங்கே வரும்.

ஓர் ஆட்டத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஐந்து ஆட்டம் பாருங்கள், அதில் குறைந்தது இரண்டு ஆட்டம் பலமான அணிக்கு எதிராக இருக்கட்டும்.

இனி நேரக் கணக்கு. 'எடுத்த வருடமே ஆடவில்லை, போச்சு' என்பது குழுக்களில் கேட்கும் அடுத்த வசனம். முன்வரிசைக்காரருக்கு இரண்டு முதல் நாலு வருடம், டிஃபன்ஸ்மேனுக்கு மூன்று முதல் ஐந்து, கோலிக்கு அதற்கும் மேல் என்று வைத்துப் பாருங்கள். கோலி கொனர் ஹெலபக் 2012இல் 130ஆவதாக எடுக்கப்பட்டு 2015 இறுதியில்தான் முதல் என்.எச்.எல் ஆட்டம் ஆடினார். 2025இல் லீக்கின் மிகப் பெறுமதியான ஆட்டக்காரர் விருது அவருக்கு. இன்னொரு கோலி இகோர் ஷெஸ்ரெர்கின் 2014இல் எடுக்கப்பட்டவர், முதல் ஆட்டம் 2020 ஜனவரி.

மொன்றியல் ரசிகர்களிடம் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். 2022இல் அவர்களுடைய சொந்த அரங்கில், ஓ.எச்.எல்லில் 63 ஆட்டத்தில் 94 புள்ளி எடுத்த ஷேன் ரைட்டை விட்டுவிட்டு, ஃபின்லாந்துப் பெரியவர் லீக்கில் 31 ஆட்டத்தில் வெறும் 10 புள்ளி எடுத்த யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை அணி எடுத்தது. ரைட் நாலாம் இடத்துக்கு இறங்கி சியாட்டில் போனார். ஸ்லாஃப்கோவ்ஸ்கி முதல் பருவத்தில் 39 ஆட்டம், 10 புள்ளி, பிறகு காயம். திட்டாத ஆள் இல்லை. இரண்டாம் பருவத்தில் 50 புள்ளி. 2024 ஜூலையில் எட்டு வருட ஒப்பந்தம். ரைட்டும் தோற்றுப்போகவில்லை; அவருக்கு 2024-25இல் 44 புள்ளி வந்தது. அந்த 10க்கும் 94க்கும் நடுவில் நின்று கத்தியவர்கள் பார்க்கத் தவறியது, முதலாவது எண் வளர்ந்த ஆண்களோடு ஆடி வந்தது என்பதை.

ஒப்பந்த விதியைத் தெரியாமல் வரும் சண்டையும் உண்டு. 18, 19 வயதில் ஒப்பந்தம் போட்டவர் ஒரு பருவத்தில் என்.எச்.எல்லில் பத்து ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் அவருடைய மூன்று வருட ஒப்பந்தம் தொடங்காமல் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். எனவே ஒன்பது ஆட்டம் ஆடவிட்டு ஜூனியருக்குத் திருப்பி அனுப்பினால் அது தண்டனை அல்ல, கணக்கு. கல்லூரிக்காரர் ஒப்பந்தம் போட்டால் கல்லூரி ஹொக்கி முடிந்தது. ஆகவே அங்கே அணிகள் அவசரப்படுவதில்லை. ஓ.எச்.எல் போன்ற ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களுக்கும் 2025 ஓகஸ்ட் முதல் கல்லூரிக் கதவு திறந்துவிட்டது. மார்ட்டோன் அதனால்தான் அந்த இலையுதிர்காலம் மிஷிகன் ஸ்ரேட் போனார். கல்லூரியில் ஆட்டத்துக்கு ஒரு புள்ளி எடுத்தாலே நல்ல பருவம். 98 எங்கே போயிற்று என்று குழுவில் யாராவது கேட்டால் மேலேயுள்ள பெருக்கலைக் காட்டுங்கள். மறுபக்கம், 19 வயதில் ஜூனியருக்குத் திரும்பிப் போய் 110 புள்ளி எடுக்கும் ஒருவரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 19 வயதுக்காரர் 17 வயதுக்காரர்களுக்கு எதிராக ஆடினால் அப்படித்தான் வரும்.

என் கணிப்பைக் கேட்டால்: கீழ் எல்லை (மோசமாகப் போனாலும் எட்டும் நிலை) மார்ட்டோனுக்கு உயரம். உடம்பும் கையும் இருக்கும் விங்கருக்கு (முன்வரிசையின் ஓரத்தில் ஆடுபவர்) எந்த அணியிலும் இடம் உண்டு. மேல் எல்லை (நன்றாகப் போனால் எட்டும் நிலை) ஹேகன்ஸுக்கு உயரம், காரணம் அவர் சென்டர். முதல் வரிசைச் சென்டரை அணிகள் சந்தையில் சும்மா வாங்க முடியாது. 2024 உலக 18 வயதுக்குட்பட்டோர் போட்டியில் அவர் எடுத்த 22 புள்ளி சாதனை. உடம்பு தாங்கினால் பொஸ்ரனுக்கு லாபம். தாங்காவிட்டால் விங்குக்கு மாறுவார், அப்போது உங்கள் முதல் நண்பர் வென்றார்.

பந்தயம் கட்டுவதானால் 'நட்சத்திரம்', 'வேஸ்ட்' என்ற சொற்களைத் தடை செய்துவிட்டு, ஆளுக்கொரு வசனம் எழுதி குழுவின் மேலே பின் (pin) செய்யச் சொல்லுங்கள்: எந்த வரிசை, சென்டரா விங்கா, எத்தனையாம் வருடத்தில். திறக்கும் திகதியை 2029 ஏப்ரல் என்று போடுங்கள்.