செயலாளர் பொறுப்பை ஏற்கும் முன் சங்கத்தின் கோப்பைப் பாருங்கள்

கேள்வி: தாம்பரத்தை அடுத்த ஒரு மனைப்பிரிவில் குடியிருக்கிறேன். பணி ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. ஏறத்தாழ 140 வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் செயலாளராக வரும்படி அக்கம்பக்கத்தார் வற்புறுத்துகிறார்கள். 2009இல் பதிவான இந்தச் சங்கம் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கே தாக்கல் செய்யவில்லை என்று இப்போது தெரிகிறது. பொறுப்பேற்றால் பழைய தவறுகளுக்கு நான் மாட்டிக்கொள்வேனா? சங்கத்தைப் ‘புதுப்பித்து’த் தருவதாக ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்வதற்குக் காரணம், உங்களைப் போல ஊருக்கு உழைக்க முன்வருபவர்கள் சிக்குவது பெரும்பாலும் பழைய நிர்வாகிகளின் தவறால் அல்ல, இப்படிப்பட்ட இடைத்தரகர்களால்தான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி பதிவான சங்கத்துக்குப் ‘புதுப்பித்தல்’ என்று ஒன்று கிடையாது. ஒருமுறை செய்த பதிவு, பதிவாளர் அதை நீக்கும்வரை நிற்கும். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள் வரவு செலவுக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்வதுதான் சட்டம் கேட்பது. அது விடுபட்டிருந்தால் தாமதக் கட்டணம் கட்டித் தாக்கல் செய்யலாம். நீங்களும் உங்கள் பொருளாளரும் இரண்டு மூன்று முறை அலைந்தால் முடிகிற இந்த வேலைக்குத்தான் 60,000 ரூபாய் விலை சொல்கிறார்கள்.

பணம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த நபர் வேலையை எப்படி முடிப்பார் என்பதுதான் ஆபத்து. ஒன்பது ஆண்டுகளுக்கான பொதுக்குழுத் தீர்மானங்களை ஒரே மாலையில், ஒரே பேனாவால், தீர்மானப் புத்தகத்தில் எழுதுவார். இறந்துபோன உறுப்பினர்கூட வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டிருப்பார். இறுதியில் ‘செயலாளர்’ என்ற இடத்தில் உங்கள் கையெழுத்தை வாங்குவார். நடக்காத கூட்டத்தை நடந்ததாகக் காட்டும் அந்தத் தாளில் கையெழுத்திட்ட நொடியில், அதுவரை உங்களுடையதாக இல்லாத தவறு உங்களுடையதாகிவிடும். சில தரகர்கள் மூலப் பதிவுச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டு, அதைத் திருப்பித் தரத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு சங்கம் சான்றிதழை மீட்கவே எட்டு மாதம் நடந்தது.

‘பழைய சங்கத்தை விட்டுவிடுங்கள், புதிதாக ஒன்று பதிவு செய்துவிடலாம்’ என்ற யோசனையும் வரும். கேட்க எளிதாகத் தோன்றும், ஆனால் பழைய சங்கத்தின் வங்கி இருப்பும், அதன் பெயரில் உள்ள ரசீதுகளும், நடந்துகொண்டிருக்கும் மனுக்களும் புதிய சங்கத்துக்குத் தாமாக வந்துவிடா. உங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த இடத்தில் யாரேனும் கம்பி வேலி போட்டு, நீங்கள் வழக்குத் தொடுத்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது, இந்தச் சங்கம் முறையாக நடக்கிறதா, வழக்குப் போட இவருக்குத் தீர்மானம் மூலம் அதிகாரம் கொடுத்தார்களா என்பதைத்தான்.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். நீங்கள் பொறுப்பேற்ற நாளுக்கு முந்தைய வரவு செலவுக்கு அப்போது பொறுப்பில் இருந்தவர்களே பதில் சொல்ல வேண்டும். எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதை எழுத்தில் காட்டுவதுதான் உங்கள் வேலை. எத்தனை ரசீதுப் புத்தகங்கள், வங்கியில் எவ்வளவு, கையில் எவ்வளவு, எந்த ஆண்டுக் கணக்கு இல்லை என்று ஒப்படைப்புப் பட்டியல் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, பொதுக்குழுவில் வாசித்துப் பதிவு செய்யுங்கள். விடுபட்ட ஆண்டுகளின் கணக்கை வங்கி அறிக்கையைக் கொண்டு கணக்காளர் ஒருவரிடம் தயாரித்து, கூட்டம் நடக்காத ஆண்டில் நடக்கவில்லை என்றே எழுதித் தாக்கல் செய்யுங்கள். புதிய நிர்வாகிகள் பட்டியலைப் படிவம் 7இல், மாற்றம் நிகழ்ந்த மூன்று மாதங்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் செல்லாது என்பதால், உங்கள் பழைய குழுவின் காலம் எப்போதோ முடிந்திருக்கும். அக்கம்பக்கத்தார் வற்புறுத்துவது மட்டும் போதாது, பொதுக்குழு உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய நிர்வாகிகள் ஒத்துழைத்தால்தான் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். அவர்கள் ஒப்படைக்க மறுத்தால், அல்லது நீங்கள் கூட்டம் நடத்திய அதே வாரத்தில் அவர்களும் தனியாகக் கூடித் தங்களையே மீண்டும் தேர்ந்தெடுத்ததாகப் படிவம் கொடுத்தால், நிலைமை வேறு. இரண்டு பட்டியல்களும் பதிவாளரின் மேசையில் இருக்கும்போது எது உண்மையான தேர்தல் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவர் விசாரிக்கலாம், ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம். ஆனால் முடிவு உரிமையியல் நீதிமன்றத்தில்தான். அங்கே எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே எதிர்ப்பு இருக்கும் என்று சிறிதளவு தோன்றினாலும், சங்க விதிகளில் சொல்லியுள்ள எண்ணிக்கையில் உறுப்பினர்களின் கையெழுத்தோடு கூட்டம் கூட்டும்படி பழைய செயலாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், அவர் அசையாவிட்டால் அடுத்து விதி காட்டும் வழியில் செல்லுங்கள், அறிவிப்புக்கு விதி குறிப்பிடும் நாட்களில் ஒரு நாள்கூடக் குறைக்காதீர்கள், பழைய நிர்வாகிகளுக்கும் அறிவிப்பு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். அவர்களுக்குச் சொல்லாமல் கூட்டிய கூட்டம் பின்னர் நிற்காது.

இவ்வளவுக்கும் சங்கத்தின் கோப்பு ஒன்பது ஆண்டுகளாக அலுவலகத்தில்தான் இருக்கிறது. ஒரு நினைவூட்டல் கடிதம் இரண்டாம் ஆண்டே வந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. வருடக்கணக்கில் யாரும் கேட்காமல் விட்டுவிட்டு, ஊருக்காக ஒருவர் முன்வரும்போது எல்லா ஆண்டுகளையும் ஒன்றாகக் கேட்கும் நடைமுறைதான் தரகர்களை வாழவைக்கிறது. விண்ணப்பங்களைப் பதிவுத்துறை இணையதளத்துக்குக் கொண்டுவந்த பின்னும் அலுவலக வாசலில் நிற்கும் கூட்டம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மனைப்பிரிவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இருந்தால், அவற்றின் உள்நிர்வாகம் 2022ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்கீழ் வரும். அதைச் சங்கத்தோடு சேர்க்க வேண்டாம்.

இந்த வாரமே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, சங்க விதிகள், கடைசியாகத் தாக்கலான நிர்வாகிகள் பட்டியல், கடைசி ஆண்டுக் கணக்கு ஆகிய மூன்றின் சான்றிட்ட நகல்களை உங்கள் பெயரிலேயே விண்ணப்பித்து வாங்குங்கள். அவற்றைப் படித்து முடிக்கும்வரை செயலாளர் என்று எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.