மீட்டர் பெட்டியில் மினுக்கும் சிவப்பு விளக்கு: பிள்ளைகளும் கார்பனும் கேள்வி பதில்

26 வருஷம் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அன்றாடப் பழக்கங்களால் கரியமில வாயுவைக் குறைப்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கோவை, ஒரு அம்மா): டீச்சர், மகளுக்கு 7 வயது. பள்ளியில் 'கார்பன் தடம்' என்று ஏதோ சொல்லியிருக்கிறார்கள். "தடம்னா கால் தடம்தானே, கார்பனுக்குக் கால் இருக்கா?" என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

பதில்: சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். நம் பழக்கங்களால் எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்ற கணக்குதான் 'கார்பன் தடம்', ஆனால் அந்த வார்த்தையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத வாயுவைப் பற்றி 7 வயசுக்குப் பேசினால் பூச்சாண்டிக் கதை மாதிரி ஆகிவிடும். சாயங்காலம் அவளை ஈ.பி. மீட்டர் பெட்டிக்குக் கூட்டிப்போங்கள். டிஜிட்டல் மீட்டர் என்றால் ஒரு குட்டி சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். பக்கத்திலேயே 3200 என்றோ 1600 என்றோ ஒரு எண் அச்சடித்திருக்கும், அதாவது ஒரு யூனிட் ஓடி முடிவதற்குள் அந்த விளக்கு அத்தனை தடவை மினுக்கும்.

வீட்டில் ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் ஐந்து நிமிஷம் நிறுத்திவிட்டு ஒரே ஒரு ஃபேனை மட்டும் போடுங்கள். 3200 மீட்டராக இருந்தால் பழைய 75 வாட் ஃபேனுக்கு நிமிஷத்துக்கு 4 மினுக்கு வரும். ஃபேனை நிறுத்தி 9 வாட் எல்.இ.டி. பல்பைப் போட்டால் ஒரு மினுக்குக்கு இரண்டு நிமிஷம் காத்திருக்க வேண்டும், பிள்ளைக்குப் பொறுமை போய்விடும். அப்புறம் 2000 வாட் கீசரைப் போடுங்கள். நிமிஷத்துக்கு நூறைத் தாண்டும், எண்ணவே முடியாமல் சிரிக்கத் தொடங்குவாள். அந்தச் சிரிப்பு அடங்கியதும், இந்தக் கரண்டில் பெரும்பகுதி நெய்வேலியிலும் தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் கரி எரித்து வருகிறது என்றும், கொஞ்சம் ஆரல்வாய்மொழிப் பக்கம் சுற்றும் காற்றாடியிலிருந்தும் வருகிறது என்றும் சொல்லுங்கள். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் போல கரியமில வாயு வெளியேறுகிறது. 7 வயசுக்கு அந்தக் கணக்கு வேண்டாம், 'விளக்கு வேகமாக மினுக்கினால் அங்கே நிறையக் கரி எரியுது' என்பதே போதும்.

கேள்வி (திருச்சி, ஒரு அப்பா): பையன் வீட்டில் போலீஸ் ஆகிவிட்டான். தாத்தா உட்கார்ந்திருக்கும்போதே ஃபேனை நிறுத்துகிறான், போன் சார்ஜர் செருகியிருந்தால் சத்தம் போடுகிறான். மாமியார் வீட்டில் மானம் போகிறது.

பதில்: பாவம் தாத்தா! பையன்மேல் தப்பில்லை, எது பெரிசு எது சின்னது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு போனை முழுசாக சார்ஜ் ஏற்ற ஒரு யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்குதான் ஆகும், சும்மா செருகியிருக்கும் சார்ஜர் அதைவிடவும் அற்பம். அரை மணி நேரம் கீசர் ஓடினால் ஒரு யூனிட் போயிற்று, அதாவது 50 நாள் போன் சார்ஜ். அந்தக் கீசரை மறந்து விடுகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தான், இல்லையா? உங்கள் வீட்டு ஏ.சி. எத்தனையில் ஓடுகிறது என்பதையும் பையனிடமே பார்க்கச் சொல்லுங்கள். 2020 ஜனவரியிலிருந்து வரும் புது ஏ.சி.க்கள் ஆன் செய்ததும் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது, நாம்தான் ரிமோட்டை எடுத்து 18-க்கு இறக்கிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது அரசின் கணக்கு. தாத்தாவை விட்டுவிட்டு இதற்கு அவன் போலீஸ் வேலை பார்க்கட்டும்.

கேள்வி: பள்ளி 3 கிலோமீட்டர். காரில்தான் விடுகிறேன். அவ்வளவு கொஞ்ச தூரத்துக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

பதில்: நீங்கள் 3 என்கிறீர்கள், வண்டி ஓடுவது 12. விட்டுவிட்டு வெறும் காரில் திரும்புகிறீர்கள், சாயங்காலம் மறுபடி போய்க் கூட்டிவருகிறீர்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால் தினமும் முக்கால் லிட்டருக்கு மேல் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. 200 பள்ளி நாளுக்கு 370 கிலோ போல வரும். பைக்கில் போனால் அதில் மூன்றில் ஒரு பங்கு. வேனிலோ டவுன் பஸ்ஸிலோ பத்துப் பிள்ளைகளோடு போனால் தலைக்கு இன்னும் குறையும். நடைபாதை இல்லாத ரோட்டில் சின்னப் பிள்ளையை சைக்கிளில் அனுப்பச் சொல்ல எனக்கு மனசு வராது, அதற்கு நகராட்சியைத்தான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஒரு வாரம் நீங்கள், ஒரு வாரம் அவர்கள் என்று முறை வைத்தால் பாதி ஓட்டம் மிச்சம்.

இதில் பிள்ளைகளுக்குப் பிடித்த ஒரு புதிர் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான், அதிலிருந்து 2.3 கிலோ வாயு எப்படி வந்தது? பெட்ரோலில் இருக்கும் கார்பன், காற்றில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது, கூடுதல் எடை அதுதான். எட்டாம் வகுப்பில் இதைக் கேட்டால் பாதிப் பேர் நான் கணக்கில் தப்பு செய்துவிட்டேன் என்றே நினைப்பார்கள்.

கேள்வி (சென்னை): டிபன் பாக்ஸில் பாதியை மிச்சம் வைக்கிறாள். அது மக்கித்தானே போகும், என்ன கெடுதல்?

பதில்: தொட்டிச் செடிக்கு உரமாக மக்கினால் கெடுதல் இல்லை. குப்பை மேட்டில் காற்றுப் புகாமல் அமுங்கி அழுகும்போது மீத்தேன் வரும், அது நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு போல சூடேற்றும். எரியவும் செய்யும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை மேட்டில் பிடித்த தீ எத்தனை நாள் புகைந்தது என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேளுங்கள். தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலிலும் மீத்தேன் வருகிறது, ஆக மிச்சம் வைத்த சோறு வயலில் ஒரு தடவை, குப்பையில் ஒரு தடவை. 'சாப்பிடு சாப்பிடு' என்று திணிக்காமல் பாக்ஸில் கொஞ்சமாக வையுங்கள். கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போடும் வேலையை அவளிடம் கொடுங்கள், குக்கர் விசில் குறைவதை அவளே எண்ணுவாள்.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியை): மஞ்சப்பை விநியோகம் செய்யலாம் என்று இருக்கிறோம். சரிதானே?

பதில்: 2019-ல் பிளாஸ்டிக் தடை வந்தது, 2021-ல் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது, இரண்டுமே நல்லது. ஆனால் புதுசாக ஒரு பருத்திப் பை செய்யவும் பஞ்சு, தண்ணீர், மின்சாரம் எல்லாம் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் போட்ட கணக்கில், ஒரே தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக பூமியைச் சூடேற்றும் கணக்கில் பருத்திப் பையை 131 தடவை உபயோகிக்க வேண்டும் என்று வந்தது. வீட்டில் ஜவுளிக்கடைப் பைகள் ஏற்கெனவே அலமாரி நிறையக் கிடக்கின்றனவே, அவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சுற்றுச்சூழல் தினத்துக்கு ஃப்ளெக்ஸ் பேனர் மட்டும் வேண்டாம், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் 'பூமியைக் காப்போம்' என்று 20 அடிக்கு வைத்தார்கள், அடுத்த வாரம் அது சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரையாகிவிட்டது.

கேள்வி (9-ஆம் வகுப்பு மாணவன்): மிஸ், பெரிய கம்பெனிகள் விடும் புகைக்கு முன்னால் நான் லைட்டை அணைத்து என்ன ஆகப் போகிறது?

பதில்: தம்பி, நீ நினைப்பதில் நிறைய நியாயம் இருக்கிறது. 'கார்பன் தடம்' என்ற சொல்லை 2000-களின் நடுவில் விளம்பரம் செய்து ஊரெல்லாம் பரப்பியதே பி.பி. என்ற எண்ணெய் கம்பெனிதான். இந்தியாவில் ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு, அமெரிக்காவில் சுமார் 14 டன். நீ அணைக்கும் லைட்டால் உலகம் குளிராது. இருந்தாலும் அளக்கக் கற்றுக்கொள். கணக்குத் தெரிந்தவனை 'பசுமை' என்று ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்ற முடியாது, 18 வயதில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் எந்த ஊரில் எத்தனை பஸ் விடுவீர்கள் என்று நீ கேட்கலாம்.

கேள்வி (வேளச்சேரி, ஒரு அம்மா): 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டதிலிருந்து மழை வந்தாலே மகள் அழுகிறாள். 'நான் கரண்ட் வேஸ்ட் பண்ணினதாலயா?' என்கிறாள்.

பதில்: இல்லை என்று உடனே, தெளிவாகச் சொல்லுங்கள் அம்மா. பத்து வயசுத் தலையில் பூமியை ஏற்றுவது நாம் செய்யும் தப்பு. சின்னதாக ஒரு வேலை மட்டும் கொடுங்கள்: ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டர் ரீடிங்கை நோட்டில் எழுதுவது. பென்சிலை நூலில் கட்டிப் பெட்டி பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். என் பேத்தி இப்படி எழுதுகிறாள். போன பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போயிருந்த வாரத்திலும் ரீடிங் ஏறியிருந்தது. "யாரும் இல்லாதப்போ யார் பாட்டி கரண்ட் எடுத்தா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். ஃப்ரிட்ஜைக்கூட நிறுத்திவிட்டுத்தான் போயிருந்தோம். வீடு முழுக்கத் தேடினோம். கடைசியில் பார்த்தால் பாத்ரூம் ஃப்ளஷ் டேங்க் ஒழுகி, மேல்தொட்டி காலியாகக் காலியாக ஆட்டோமேட்டிக் மோட்டார் தானாக ஓடி ஓடித் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. வாஷர் மாற்ற பிளம்பர் வந்தபோது நோட்டை நீட்டி அவருக்கும் விளக்கினாள்.